ரெஃப்ரி சவரிராயனின் இடம்

சேலத்தில் பந்து விளையாடிய எவரைக் கேட்டாலும் சவரிராயனைத் தெரியும். பகலில் நூல் மில், சாயங்காலம் மைதானம் என்று முப்பத்தொரு வருடம் ரெஃப்ரியாக இருந்தவர். சொந்தத் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியவர் என்பார்கள். எங்கள் எதிர்வீடு. எண்பத்தைந்து முடிந்துவிட்டது. டீக்கடையில் அவரைக் கண்டால் கடைக்காரர் தீனதயாளன் விடமாட்டார்.

"ஏனுங்க ரெஃப்ரி, எக்ஸ்ட்ரா டைம் இன்னும் எத்தன நிமிசமுங்க?"

"உன்னைய வெளிய அனுப்பிட்டுத்தான் விசில் ஊதுவேன், போடா."

மனைவி அந்தோணிமேரி இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. எங்கள் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. குடும்பத்துக்கு ஒரு குழிதான். ஒருவரைப் புதைத்துப் பத்து வருடம் கழிந்தால்தான் அதை அடுத்தவருக்குத் திறப்பார்கள். அதற்குள் இன்னொருவர் போனால் மதிலோரத்துப் பொதுவரிசை. மேரியின் குழிக்குப் பத்து வருடம் நிறைந்த அன்று, "இனி எப்ப வேணாலும் வாரேன்னு அவகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார் டீக்கடையில். பெண் பார்த்துவிட்டு வந்தவர் போலிருந்தது முகம்.

போன ஜூனில் அவர் மகன் ஆண்ட்ரூஸ், புதுச்சத்திரத்தில் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலைசாய்த்தவர், எழவில்லை. ஐம்பத்தாறு வயது. உடல் வீட்டுக்கு வந்ததும் குழிவெட்டும் பெரியசாமி வாசலில் நின்று கேட்டார்.

"எங்கீங்க வெட்டறது? பொதுவரிசையிலயா?"

"எம் பையன் என்ன அனாதையா? அவங்கம்மாகிட்டயே வெச்சிரு."

கோயில் உபதேசியார் மட்டும் நிமிர்ந்து பார்த்தார். சொல்வதற்கு அது நேரமில்லை. நொடிக்கு நொடி கடிகாரம் பார்த்த மனிதர் அன்றைக்கு வருடங்களைப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் பூசை முடிந்து இறங்கும்போதுதான் கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் குழிய மறுபடி தொறக்க இன்னும் பத்து வருசம்னா எனக்குத் தொண்ணூத்தஞ்சு."

பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டார். நானும் உடனிருந்தேன்.

"உங்களுக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணுங்கய்யா. ரூல்ஸ் உங்களுக்குத் தெரியாததா?"

ரூல்ஸ் என்றதும் அவர் எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

கல்லறைத் திருநாளன்று மருமகள் அக்சிலியா குழிமேல் சாமந்தியைப் பரப்பிக்கொண்டிருந்தார். காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. மாமனார் குனிந்து உள்ளங்கையால் அணைகட்டிப் பிடித்திருந்தார்.

"மாமா, பத்து வருசம் நல்லா இருந்துட்டு நீங்களே இங்க வாங்க. நான் எங்கம்மா ஊட்டுக் குழிக்குப் போயிக்கறேன்."

"பொய் சொல்லாத சாமி. அவன்கிட்ட நீதான் இருக்கோணும்."

"மாமா..."

"எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருசமா நானும் அதையேதான நெனச்சுட்டிருந்தேன்."

அக்சிலியா அழுதார். மறுக்கவில்லை.

சவரிராயன் என் தோளைப் பிடித்து எழுந்து மதிலோரம் நடந்தார். எண் மட்டும் எழுதிய சிமெண்டுச் சிலுவைகளுக்கு நடுவே பெரியசாமி புல் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"பெரியசாமி, இதுல எந்த எடத்துல இருந்து பாத்தா மேரி குழி தெரியும்?"

பெரியசாமி மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தார். குறுக்கே கிரானைட் கல்லறைகள் இரண்டு வரிசை எழும்பியிருந்தன.

"எங்கிருந்தும் தெரியாதுங்க."

அப்படியும் அவர், காலியாக இருந்த ஒவ்வோர் இடத்திலும் போய் நின்று பார்த்தார்.