விமானத்துக்கு நான் வளைத்த நான்கு குழாய்கள்

ஒரகடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு ஓடுகிற கம்பெனி பஸ்களில் பாதிக்கு சைலன்சர் நான் செய்தது. லாரித் தொழிற்சாலை ஒன்றில் பெயின்ட் புகையை வெளியே இழுக்கிற முப்பதடிக் குழாய் நான் செய்தது. வெளிநாட்டுக்காரன் படம் போட்டுக் கொடுத்து, தன் ஊர் ஆள் வந்தால்தான் ஆகும் என்று சொன்ன, உதிரி பாகங்களை ஏற்றிப் போகிற தள்ளுவண்டியை நான்கே நாளில் செய்து நிறுத்தினேன். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் சத்தத்தில் நாதஸ்வரம் கேட்கவில்லை என்று வந்தார்கள். அதற்கு ஒரு பெட்டி செய்தேன், தாலி கட்டும்போது ஐயர் தும்மியது பந்திவரை கேட்டது. படிப்பு ஐந்தாவது. சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை. கையைச் சுட்டுக்கொண்டு கற்றது எல்லாம்.

ஒரு விமானத்துக்கும் செய்தேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மற்றதைச் சொல்லும்போது வருகிற தெம்பு அங்கே வந்ததும் போய்விடுகிறது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், மழை விட்ட பிறகு, என் பட்டறைக்கு ஓர் ஓய்வு பெற்ற இன்ஜினியர் காரில் வந்தார். வீடு மணிமங்கலம் பக்கம். டிக்கியிலிருந்து ஒரு கோணிப்பையை இறக்கி, நான்கு குட்டைக் குழாய்களைக் கொட்டினார்.

“மேஸ்திரி, இது எந்த வண்டியோடதுன்னு சொல்லுங்க பாப்போம்.”

“டிராக்டரா சார்?”

“ஏரோப்ளேன்.”

“இன்னா சார், காலையிலேயே கலாய்க்கிறீங்க.”

அவர் கலாய்க்கவில்லை. உதிரி உதிரியாக வரவழைத்து ஏழு வருடம் உட்கார்ந்து தானே பூட்டிய இரண்டு பேர் விமானம் அது. தெற்கே இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு தனியார் ஓடுதளத்துக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். குட்டைக் குழாய்கள் நான்கும் புகையைத் தனித்தனியாக வெளியே துப்பின. உள்ளே காதடைக்கும் சத்தம். அவருடைய மனைவி ஒரு முறை ஏறி, தலைவலியோடு இறங்கி, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாவோடு மேலே போய்ப் பேசிக்கொண்டே பறக்க வேண்டும் என்பது அவர் ஆசை. நான்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னால் கொண்டுபோனால் சத்தமும் குறையும், இன்ஜினுக்கு மூச்சு லேசாகி வேகமும் கூடும் என்று படம் போட்டு வைத்திருந்தார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, “பஸ்ஸு நின்னுச்சுன்னா எறங்கித் தள்ளலாம். அது நின்னா இன்னாய்யா பண்ணுவ?” என்றாள். சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

அவர் படத்தில் ஒரு தப்பு இருந்தது. நான்கு குழாயையும் சேர்கிற இடத்தில் கெட்டியாக வெல்டிங் வைக்கச் சொல்லியிருந்தார்.

“சார், சூடானா பைப்பு நீளும். நாலும் ஒரே மாதிரி நீளாது. இழுத்துக்கினு எங்கனா ஒரு எடத்துல கிழியும். டம்ளருக்குள்ள டம்ளர் மாதிரி விடுங்க, அதுபாட்டுக்கு முன்ன பின்ன போவட்டும்.”

படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து அந்த இடத்தை அடித்துவிட்டு, நான் சொன்னபடி வரைந்தார். இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த இணைப்பு என் யோசனை.

மெல்லிய எஸ்.எஸ். குழாய், துருப்பிடிக்காத எஃகு. காய்ந்த மணலை உள்ளே குத்தி நிரப்பி, சூடு காட்டி வளைத்தேன், ஓரிடத்திலும் நசுங்கவில்லை. நான்கும் ஒரே நீளம். வெளியில் ஆர்கான் வெல்டிங் ஓடும்போது உள்பக்கம் கருகாமல் இருக்க, குழாய்க்குள்ளும் ஆர்கான் வாயுவை விட்டு இரண்டு முனையையும் துணியால் அடைத்தேன். பதினெட்டு நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை.

நான் செய்யும் எதிலும் என் பெயரைப் பஞ்ச் வைத்து அடிப்பது வழக்கம். சுத்தியலைத் தூக்கினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பஞ்ச் வேணாம் மேஸ்திரி. தகடு மெலிசு. அந்த எடத்துல விரிசல் விடும்.”

சரி என்று வைத்துவிட்டேன். அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு விமானம், அதில் என் பெயர் இல்லையா? சாமான் பெட்டியில் இருந்த தச்சர் பென்சிலை எடுத்தேன். மூன்றாவது குழாயில், வளைவுக்கு மேலே, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் அழுத்தி எழுதினேன். எழுதித்தானே இருக்கிறோம், அடிக்கவில்லையே என்று நினைத்தேன்.

முதல் நாள் ஓட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் தரையில் நின்றேன். இறங்கி வந்தவர் கண் கலங்கியிருந்தது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் கூடியிருக்கிறது என்றார். அடுத்து அந்த அம்மா ஏறினார். வந்து, “பேசினா கேக்குதுங்க,” என்றார். அன்று நான் சாப்பிடக்கூட இல்லை, பசியே தெரியவில்லை.

நான்கு மாதம் கழித்து, விமானம் வைத்திருப்பவர்கள் நடத்துகிற ஓர் ஆங்கில இதழில் அவர் இதைப் பற்றி எழுதியிருந்தார். என் மகள் படித்துச் சொன்னாள். வேகம் இருந்தது, அமைதி இருந்தது, டம்ளர் இணைப்புக்குத் தனியாக ஒரு படமே இருந்தது.

“எம் பேரு எங்க இருக்குது?”

“இல்லப்பா. வடிவமைப்புன்னு அவர் பேருதான் போட்டிருக்குது.”

போனில் கேட்டேன். “எடம் பத்தல மேஸ்திரி, அடுத்த தடவ போட்டுடலாம்,” என்றார்.

அடுத்த தடவை வரவில்லை. அந்த ஐப்பசியில் இருவரும் மேலே போனபோது அம்மாவுக்குத் தலை சுற்றியிருக்கிறது. அவருக்கும் கண் இருண்டிருக்கிறது. புகை உள்ளே வருகிறது என்று புரிந்து, எப்படியோ இறக்கிவிட்டார். அம்மா ஓடுதளத்து ஓரத்திலேயே வாந்தி எடுத்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

லைசென்ஸ் உள்ள விமான மெக்கானிக் ஒருவர் வந்து இன்ஜின் மூடியைக் கழற்றினார். என்னையும் வரச்சொல்லியிருந்தார்கள். மூன்றாவது குழாயில் விரிசல். வெல்டிங்கில் இல்லை, இணைப்பில் இல்லை. என் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கி, எழுத்தோடு எழுத்தாகவே போயிருந்தது.

“யாருங்க பெரியவரே இதுல பென்சில்ல எழுதினது?”

“நான்தான்.”

“எக்ஸாஸ்ட் பைப்புல பென்சில் படவே கூடாது. அதுல இருக்கிற கரி, சூட்டுல இரும்புக்குள்ள எறங்கி உடைச்சிரும். மொத வருஷமே சொல்லிக் குடுப்பாங்களே.”

எனக்கு ஏது முதல் வருஷம்? அவர் என் எதிரிலேயே விமானத்தின் பதிவேட்டில் எழுதினார். உள்ளூர் வெல்டர் ஒருவர் பென்சிலால் எழுதியதால் குழாயில் விரிசல் விட்டது என்று. அங்கும் பெயர் இல்லை.

மணிமங்கலம் போனேன். சார் கேட்டைத் திறக்கவில்லை. “அவ இனிமே ஏறமாட்டா. நானும் வித்துடப் போறேன். நீங்க வராதீங்க மேஸ்திரி,” என்றார், திட்டாமல். திட்டியிருந்தால் தேவலை. அதன் பிறகு எஸ்.எஸ். குழாய் வேலை எது வந்தாலும் வேறு பட்டறைக்கு அனுப்பிவிடுகிறேன். வெல்டிங் டார்ச்சைப் பிடித்தால் அந்த அம்மா ஓடுதளத்து ஓரத்தில் குனிந்து நிற்பது தெரிகிறது. கை ஓடுவதில்லை. இரண்டு உயிரை எடுக்கப் பார்த்தேன், ஒரு விரல் நீள விரிசலால்.

ஆனாலும் கேட்கிறேன். அந்த இதழை நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும், அந்த சாரிடமும் கேட்கிறேன். விரிசலை என் கணக்கில் எழுதுங்கள், நான் மறுக்கவில்லை; உள்ளூர் வெல்டர் என்று போடாமல் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். அதே பெயரை அந்தக் கட்டுரையிலும் போட வேண்டும். டம்ளர் இணைப்புப் படத்துக்குக் கீழே, யோசனை சொன்னவர், குழாய்களைச் செய்தவர் என்று. இடம் பத்தாவிட்டால் படத்தைச் சின்னதாக்குங்கள்.