மூட்டை வாயில் நல்ல வத்தல்

மாரடைப்பு வந்ததிலிருந்து நாலு மாதம் என்னை வீட்டில் கட்டிப்போட்டிருந்தார்கள். விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறவனுக்கு, காலையில் நாலு மூட்டை அவிழ்க்காமல் காப்பி உள்ளே இறங்குமா? எனக்கு இறங்கவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வந்தது.

டாக்டரம்மா ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். அடைப்பில் செத்துப்போன தசை இருந்த இடத்தில் தழும்பு விழும், அது இன்னும் பரவுகிறதா என்பதை ரத்தத்தில் இருக்கும் சில புரதங்கள் காட்டிக்கொடுக்கும் என்றார். என் மனைவி அதையே தீர்ப்பாக்கிவிட்டாள்.

"ரிசல்ட் நல்லா வந்தா கடைக்குப் போங்க மச்சான். இல்லேன்னா கடைச் சாவிய உங்க தம்பிகிட்ட குடுத்துருங்க."

விடுவேனா? பதினைந்து நாள் உப்பைத் தொடவில்லை. அவித்த சுரைக்காயும் கேப்பைக் கஞ்சியும்தான். படி ஏறினால் மூச்சு வாங்குவதை ஒருவரிடமும் சொல்லவில்லை, மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பிறகு போய் ரத்தம் கொடுத்தேன்.

ரிசல்ட் மோசம். எக்கோவும் அதையே சொன்னது. பதினைந்து நாள் பத்தியத்தை நான் எடுத்துச் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"பாய், நானும் ஆமத்தூர்க்காரிதான். எங்கப்பா மிளகா வெள்ளாம பண்ற சம்சாரி. நல்ல வத்தலை மூட்டை வாயில வச்சுக் கட்டுறத நானும் பாத்திருக்கேன். இது பதினஞ்சு நாள்ல மாறுற விஷயமில்ல. நாலு மாசமா உள்ள நடந்தது."

என் முகம் சுண்டிவிட்டது. முப்பது வருடமாக, முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, வெளுத்துப்போன சண்டு வத்தலை வெளியே போட்டு எத்தனை பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன். அவர்கள் செய்த அதே வேலையை இப்போது நானே செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கூட வந்திருந்த மனைவி சாவிக்குக் கையை நீட்டியதும் இரண்டும் போய்க் கோபம் வந்தது.

"அடியில சண்டு கெடந்தா மூட்டையத் தெருவுலயா கொட்டுறோம்? தரம் பிரிச்சு, சண்டுன்னு சொல்லியே விக்கோம். அதுக்கும் ஆள் வருது. நெஞ்சுல தழும்பு இருக்குன்னு சொல்லிட்டே கடையில உக்காருதேன். மூட்டைய தொட மாட்டேன். சாவியத் தர மாட்டேன்."

மனைவி டாக்டரம்மாவைப் பார்த்தாள்.

"மூச்சு வாங்குனா மறைக்கக் கூடாது. அப்படின்னா அரை நாள் உக்காரட்டும்" என்று சொல்லி, அவர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

மறுநாளே கடை திறந்தேன். இப்போதெல்லாம் மூச்சு வாங்கினால் வியாபாரிகள் முன்னாலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். பேரம் பேசுகிறவர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

போன வாரம் அடுத்த பரிசோதனை. விரலில் வத்தல் நெடியோடு கடையிலிருந்து நேரே போனேன். ரத்தம் எடுக்கிற பெண் எந்தக் கை என்று கேட்டாள். இரண்டையும் நீட்டினேன்.

"எதுல வேணும்னாலும் எடும்மா. இந்தத் தடவ மேலயும் கீழயும் ஒரே சரக்குதான்."