ரயிலில் கட்டிய பாவு

மகன் கட்டும் வீட்டுக்கு வந்திறங்கிய கம்பிகள் மழையில் நனைந்து கிளப்பிய துரு வாசனை, என்னைக் காஞ்சிபுரம் ஸ்டேஷன் ஓரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே அந்தக் கிளைத் தண்டவாளம் இல்லை. இரும்புத் தகடுகளை இறக்கிய வண்டிகள், சுவரோ கூரையோ இல்லாத வெறும் தட்டும் ஓரக் கம்பிகளுமாக, நாள்கணக்கில் அதில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கும். வழக்கமாக நாங்கள் பாவு விரிக்கும் தெருவை அடைத்துத் திருவிழாப் பந்தல் போட்ட வாரம், அப்பா தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளான பட்டுப் பாவின் ஒரு முனையை வேலிக்கல்லிலும் மறுமுனையை, துரு படாமல் துணி சுற்றி, வண்டிக் கம்பியிலும் இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்தார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவர்கூட வேலை செய்த நான் கேட்டேன்:

“வண்டி கெளம்பிட்டா பட்டெல்லாம் அறுந்துடுமேப்பா?”

“பத்து நாளா நிக்குது. உனுக்கோசரம் இன்னிக்கிக் கெளம்புதா? இழைய நீவும்மா.”

நீவிக்கொண்டே தண்டவாளத்தைப் பார்த்திருந்தேன். எஞ்சின் புகை தெரிந்ததும் அலறிக்கொண்டு ஓடி, கொடிக்காரர் எதிரில் நின்றேன். அவர் பாவைப் பார்த்தார்.

“இன்னாய்யா, ரயிலையே கட்டிப் போட்டுக்கினு கீறீங்க?”

சிரித்தபடி கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நாங்கள் முடிச்சவிழ்த்துப் பாவைச் சுருட்டும்வரை எஞ்சின் பெருமூச்சு விட்டுக்கொண்டு காத்திருந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, கஞ்சிச் சட்டியை இறக்கி வைத்ததும் சொன்னார்:

“ஸ்டேஷன்ல கேட்டுக்கினு வாம்மா, இன்னிக்கி எந்த வண்டி போவாதுன்னு.”