மூன்றாவது பெயர்

மஸ்கட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் அண்ணன், அங்கே கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வில்லா வாங்கப்போவதாகச் சொன்னார். வில்லா என்றால் என்ன என்று அம்மா என்னிடம் கேட்டார். சுற்றிலும் இடம் விட்டுக் கட்டிய தனி வீடு என்றேன். "நம்ம வீடும் அப்படித்தானே கெடக்கு" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் வீடியோ காலில் வந்தார். பூச்சு வேலை முடியாத அறைகளுக்குள் நடந்தபடியே போனைச் சுழற்றிக் காட்டினார். மாடியில் நின்றபோது தூரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது.

"அங்கிட்டுத் தெரியுதுல்ல, அதான் கடலு. நடந்தா அஞ்சு நிமிஷம்."

"கட்டுமாவடி மாதிரி கருவாட்டு வாடை அடிக்குமாப்பா?" அம்மா பார்த்த கடல் அது ஒன்றுதான்.

"இங்க கருவாடு வேணும்னா கடைக்குத்தாம்மா போகணும்."

அப்பாவுக்கு வேறு கவலை. "போரு போட்டா உப்புத் தண்ணியால்ல வரும்? என்னப்பா பண்ணுவ?"

அண்ணன் சிரித்துவிட்டு, "இது எனக்கு மட்டும் இல்லப்பா, நம்ம குடும்பத்துக்கு. எல்லாரும் வந்து இருக்கலாம்" என்றார். அதைக் கேட்டு அம்மாவின் முகம் மலர்ந்தது. என் முகமும்தான்.

முன்பணத்துக்கு அரிமளம் பக்கம் இருக்கும் எங்கள் வயலை விற்பதென்று முடிவானது. பூர்வீகச் சொத்து என்பதால் அதில் எனக்கும் பங்கு உண்டு. என் பங்கை விட்டுக்கொடுப்பதாக நான் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் அப்பாவும் அண்ணனும் சுலபமாக விற்றுவிடலாம்.

எனக்கு இது புதிதல்ல. திருமயத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்பு வரை பார்த்தது நான்தான், பிறகு எம்.காமும் முடித்தேன். அண்ணன் ஆறாவதோடு நின்றவர். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அலுவலகத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று விடுதலைப் பத்திரமாவது அடிப்பேன். அக்கா தங்கைகள் வருவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், அண்ணன் தம்பி எடுத்துக் கொடுத்த பட்டுச்சேலையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். என்னுடையதையும் அந்தப் பழக்கத்திலேயே அடித்துவிட்டேன். பழைய கோப்பைத் திறந்தேன், பெயர்களை மாற்றினேன், சர்வே எண்ணை மாற்றினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். "மனப்பூர்வமாகச் சம்மதித்து" என்ற வரியில் விரல் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

மறுநாள் வில்லாவின் ஒப்பந்த வரைவை அண்ணன் அனுப்பினார். நாற்பது பக்கம், பாதி அரபி, பாதி ஆங்கிலம். "நீதான் படிச்சவ, பாத்துச் சொல்லுத்தா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். பராமரிப்புக் கட்டணம், ஒப்படைக்கும் மாதம் எல்லாம் சரியாக இருந்தன. வாங்குவோர் என்ற இடத்தில் அண்ணன் பெயரும் அண்ணி பெயரும் மட்டும் இருந்தன. இரண்டு தரம் பார்த்தேன். பிறகு போன் செய்தேன்.

"அண்ணே, குடும்பத்துக்குன்னு சொன்னீங்க. இதுல ரெண்டு பேருதானே இருக்கு?"

"ஆமா. அதுக்கென்ன?"

"என் பேரு?"

"நீ இன்னொரு வீட்டுக்குப் போற புள்ள. ஒனக்கு எதுக்கு இங்க பேரு?"

"வயல விக்கிறதுக்கு மட்டும் நான் இந்த வீட்டுப் புள்ளையாண்ணே?"

"ஒன்னப் படிக்க வச்சதே நாந்தான். மறந்துராத."

அது உண்மை. என் கல்லூரிக் கட்டணம் முழுக்க அவர் அனுப்பியதுதான். "மறக்கலண்ணே. படிக்க வச்சீங்க, அதான் படிச்சுப் பாத்துட்டுக் கேக்குறேன்" என்றேன். லைனைத் துண்டித்துவிட்டார்.

அடித்து வைத்திருந்த பத்திரத்தை அழித்தேன். மூன்று வாரம் அண்ணன் என்னோடு பேசவில்லை. அம்மா சோறு போடும்போதெல்லாம், "ஒரு கையெழுத்துக்குப் போயி இம்புட்டு வீம்பா? அவன் வீடு கையை விட்டுப் போயிருச்சுன்னா ஒனக்குச் சந்தோசமா?" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வில்லா விற்கும் கம்பெனி ஒப்பந்தத்துக்குத் தேதி குறித்திருந்தது.

எதிர்பாராமல் அண்ணி மஸ்கட்டிலிருந்து போனில் கூப்பிட்டார். எங்களுக்குள் அதிகம் பேச்சு கிடையாது.

"பாஸ்போர்ட் இருக்கா?"

"இல்ல அண்ணி."

"இம்புட்டுப் படிச்சு, பாஸ்போர்ட் எடுக்கலையா? நாளைக்கே எழுதிப் போடு. கம்பெனியில கேட்டேன், கையெழுத்துக்கு முன்னாடின்னா மூணாவது பேரு சேக்கலாமாம். தேதியத் தள்ளி வாங்கிருக்கேன்."

"அண்ணன் என்ன சொன்னாங்க?"

"என் பொறந்த வீட்டுல நான் இப்படிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்த கதையைச் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கம் போனா எனக்கு விருந்தாளித் தட்டுதான். கேட்டுட்டு, சரி, அவ பேரையும் சேத்துருன்னுட்டாங்க."

புதுக்கோட்டைக்குப் போய் விண்ணப்பித்தேன். போலீஸ் விசாரணைக்கு வந்த ஏட்டு, "எந்த நாட்டுக்கு, வேலைக்காம்மா?" என்று கேட்டார். "வீடு வாங்க" என்றேன். அவர் என்னையும் எங்கள் ஓட்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

புது ஒப்பந்தத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. அதன் பிறகு நடந்த வயல் கிரயத்தில் அப்பாவோடும் அண்ணனின் பவர் பத்திரத்தோடும் நானும் விற்பவராகவே கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை அண்ணனே கூப்பிட்டார். அம்மா ஸ்பீக்கரில் போட்டு, "அப்ப இவளுக்கு எந்த ரூமுப்பா?" என்றார்.

"கடல் பக்கம் இருக்குறத அவளே எடுத்துக்கட்டும். இல்லாட்டி அதுக்கும் ஒரு பத்திரம் கேப்பா."

"ஆமாண்ணே, கேப்பேன்" என்றேன்.