பட்டியலக்காவும் நூற்றெழுபதாவது பதிவும்

ஆய்வேடுகளின் கடைசியில் வரும் நூற்பட்டியலைக் கணினியில் ஒழுங்குபடுத்திக் கொடுப்பதுதான் பல்கலைக்கழக நூலகத்தில் பத்தொன்பது வருடமாக அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் பட்டியலக்கா. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும் அவளுக்கு. மளிகைச் சீட்டைக்கூட அகரவரிசையில் எழுதுகிறாள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அன்று காலை பத்தரைக்கு ஆய்வு மாணவி ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“அக்கா, இல்லாத கட்டுரைய இருக்குன்னு எழுதிட்டேனாம். பதினோரு மணிக்கு விசாரணை. பட்டமே போயிடும்க்கா.”

“எந்தக் கட்டுரை?”

“நூத்தி எழுபதாவது பதிவு. சத்தியமா நான் கட்டிவிடலக்கா.”

மாணவியின் பட்டியல் கோப்புகள் பதினான்கு பட்டியலக்காவின் கணினியிலேயே கிடந்தன. ‘கடைசி’, ‘கடைசி இரண்டு’, ‘இதுதான் கடைசி’ என்று பெயர்கள். மாணவி பதற்றத்தில் மவுஸைப் பிடித்தாள். பட்டியலக்கா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“திறந்து கிறந்து வைக்காதே! இந்த சாஃப்ட்வேர் திறந்ததுமே தானா சேவ் பண்ணிடும். தேதி இன்னைக்குன்னு மாறிட்டா அப்புறம் யாரு நம்புவாங்க?”

கோப்பின்மேல் ஒரே ஒரு கிளிக். திறக்காமலேயே, உள்ளே இருப்பது திரையின் வலப்பக்கம் முன்னோட்டமாகத் தெரியும். கை தவறி இரண்டாவது கிளிக் விழுந்தால் தொலைந்தது. கிழட்டுக் கணினி ஒவ்வொரு கோப்புக்கும் முக்கி முனகியது. ஐந்தாவது கோப்பைத் தாண்டும்போது மணி பத்து நாற்பத்தெட்டு.

ஏழாவது கோப்பில் கிடைத்தது. ஒரே ஆசிரியர், ஒரே ஆண்டு, ஆனால் இரண்டு தனித்தனிக் கட்டுரைகள். எட்டாவதில் ஒன்றுதான் இருந்தது: முதல் கட்டுரையின் தலைப்பு, இரண்டாவதன் இதழ். தேதியைப் பார்த்தாள். மாணவி கோப்பை அவளிடம் ஒப்படைத்ததற்கு மறுநாள்.

ஒன்றுபோலத் தெரியும் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கும்முன் ‘இரண்டும் ஒன்றா?’ என்று கணினி கேட்டிருக்கும். சரியாகப் பார்க்காமல் ‘ஆம்’ என்று தட்டியவள் அவளேதான்.

மாணவி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏதாவது கிடைச்சுதாக்கா?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்தொன்பது வருடம் சேர்த்த பெயர் பிழைக்கும். பட்டியலக்கா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“கிடைச்சுது,” என்றாள் கடைசியில். “தப்பு உன் மேல இல்லம்மா. என் மேலதான். வா, போகலாம்.”

விசாரணை அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“இத எழுத்துல கொடுக்கணும்மா. உங்க வேலைக்கே வினையா முடியலாம், யோசிச்சுக்கோங்க.”

“கொடுக்கறேன் சார். முதல்ல வந்து அந்தத் தேதிங்களப் பாருங்க.”

விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேரும் வந்து, அவள் தோளுக்குப் பின்னால் நின்று, இரண்டு முன்னோட்டங்களையும் வரிவரியாகப் பார்த்தார்கள். மாணவிமேல் குற்றமில்லை என்று அன்று மாலையே முடிவானது. ஆய்வேட்டில் ஒரு திருத்தச் சீட்டு ஒட்டினால் போதுமாம். பட்டியலக்காவுக்கு எழுத்துமூலம் கண்டனம் வந்தது. ஆறு மாதம் கணினிப் பக்கம் வரக்கூடாது, அலமாரிகளில் புத்தகம் அடுக்க வேண்டும்.

அடுக்கினாள். தண்டனை முடிந்த அன்றே, யாரும் கேட்காமலேயே, மாணவியின் பட்டியலைச் செய்த ஆண்டில் தன் கைவழியே போன முப்பத்தொரு பட்டியல்களையும் முன்னோட்டத்தில் பார்க்க உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன. அந்த ஆய்வேடுகளை எழுதிய இருவருக்கும் அவளே கடிதம் எழுதினாள். ஒருவர் நன்றி சொல்லிப் பதில் போட்டார். மற்றவரிடமிருந்து இதுவரை ஒன்றும் வரவில்லை.