கைக்காசு நாளில் ஒரு சாவு

எங்கள் கூனிமலைத் தேயிலைத் தோட்டத்தில் சண்முகவடிவைப் பற்றி யாரைக் கேட்டாலும் வாய்க்காரி என்றுதான் சொல்வார்கள். அது உண்மைதான். அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில் இருபத்தாறு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான், பெயர் முத்துலிங்கம். யார் வேலைக்கு வந்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள் என்று பதிவது என் வேலை. நான் பதிந்தால் அவர்களுக்குச் சம்பளம், பதியாவிட்டால் இல்லை. இத்தனை சின்ன அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு கேவலமாக நடந்துகொள்ள முடியும் என்பதும் இதில் வரும். மறைக்க ஒன்றுமில்லை.

கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழிப்போம். மற்றப் பெண்கள் முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வடிவு சாக்கைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கைத் தராசில் தொங்கவிடுவாள். "எங்க ஐயா ரெண்டு கிலோ காட்டுது? கண்ணாடிய தொடச்சிக்கிட்டுப் பாருங்க" என்பாள். வரிசையில் நிற்கும் பெண்கள் முக்காட்டுக்குள் சிரிப்பார்கள். எனக்கு முகம் எரியும்.

அவள் புருஷன் பழனியாண்டி அப்படியே நேர்மாறு. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஆனால் லயம் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீடுகளில் யாராவது செத்துப்போய்த் தப்பு அடிக்கும் சத்தம் கேட்டால், மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் மயானத்துக்கு நடப்பவன் அவன்தான். இருபது வருடத்தில் மேல் டிவிசனில் அவன் கை படாமல் வெட்டிய குழி கிடையாது.

அப்போதெல்லாம் தோட்டத்தில் ஒரு சாவு என்றால் அந்த டிவிசனில் பாதி நாளோடு வேலை நின்றுவிடும். குழி வெட்டும் நாலு பேருக்கு முழு நாள் சம்பளம் போடுவோம். சவப்பெட்டிக்குத் தோட்டமே பலகை கொடுக்கும். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே அப்படித்தான். அவர்கள் இரக்கத்தால் கொடுத்தார்கள் என்று என் அப்பா சாகும்வரை நம்பினார். நான் நம்பவில்லை. கடல் தாண்டி ஆள் பிடித்துவர வேண்டியிருந்த காலத்தில், இருக்கிற ஆள் ஓடிப்போகாமலிருக்க எது மலிவோ அதைச் செய்தார்கள். அரை நாள் வேலையும் நாலு பலகையும் மலிவுதான். ஆனால் எங்கள் ஜனங்களுக்கு அது தர்மமாகிவிட்டது. சாவு வீட்டுக்குப் போகாதவனை மனிதனாகவே யாரும் மதிக்கமாட்டார்கள்.

தொண்ணூற்றிரண்டில் தோட்டத்தை அரசாங்கம் கொழும்புக் கம்பனி ஒன்றிடம் கொடுத்தது. இரண்டு வருடத்துக்குள் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து இரண்டு கிலோ கூடியது. பலகை நின்றது. பிறகு குழி வெட்டுகிறவர்களின் சம்பளம் பாதியானது, பிறகு அதுவும் இல்லாமல் போனது. நெருங்கிய சொந்தம் தவிர மற்றவர்கள் சாவுக்குப் போனால் அன்றைக்குச் சம்பளமில்லை என்று ஒரு கடிதம் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் நிற்கவைத்து அதை வாசித்தவன் நான்.

கம்பனி இன்னொன்றையும் கொண்டுவந்தது. கொழுந்து அதிகமாகத் தளிர்க்கும் மாதங்களில் ஞாயிற்றுக்கிழமையிலும் எடுக்கலாம், கிலோவுக்கு இத்தனை என்று அன்றைக்கே கையில் காசு. அதற்குப் பெயர் கைக்காசு. அதுவரை கொழுந்து எடுப்பதைப் பொம்பளை வேலை என்று கேலி செய்துகொண்டிருந்த ஆண்கள், ஒரே வருடத்தில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கூடையை மாட்டிக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. காசு கூடியதும் அது ஆம்பளை வேலையாகவும் ஆகிவிட்டது.

தொண்ணூற்றேழு மே மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், பழனியாண்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. வடிவுக்கு ஒரே மகள், தனுஜா, அப்போது பன்னிரண்டு வயது. மண்வெட்டி பிடிக்க மகன் இல்லை. லயத்து ஆண்கள் கூடிப் பேசினார்கள். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் சிவசாமிதான் முடிவு சொன்னார்.

"நாளைக்கே எடுத்துருவோம் வடிவு. திங்கக்கெழம லீவு கெடைக்காது. நாயித்துக்கெழமன்னா எல்லாரும் இருப்போம்."

அவள் தலையாட்டினாள்.

அன்று மாலை தோட்டத்து உதவி அதிகாரியான சின்னத்துரை என்னைக் கூப்பிட்டார். மறுநாள் கைக்காசு, கிலோவுக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு என்று சொல்லச் சொன்னார். மேல் டிவிசனில் சாவு விழுந்திருக்கிறது என்றேன். "அதற்கென்ன, விரும்பியவர்கள் வரட்டும்" என்றார். நான் லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். வடிவு வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அதுதான் நான் காட்டிய மரியாதை.

காலையில் ஆண்கள் வந்தார்கள். பிணத்தருகே கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார்கள். "மூணு மணிக்கெல்லாம் வந்துருவோம்" என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். குழி வெட்ட எஞ்சியது வேலை விட்ட இரண்டு கிழவர்களும் உடப்புசல்லாவையிலிருந்து வந்திருந்த வடிவின் கொழுந்தனும். கொழுந்தனுக்கு ஒரு கை சரியில்லை. பத்து மணிக்கு ஒரு கிழவர் திரும்பிவந்து, முழங்கால் ஆழம்கூட இன்னும் ஆகவில்லை என்று வெட்கத்தோடு சொன்னார்.

வடிவு எழுந்தாள். கதவு மூலையிலிருந்த புருஷனின் மம்பட்டியை எடுத்தாள். பக்கத்து வீட்டு வேலாயி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னா புள்ள செய்யிற? தாலிகூட இன்னும் கழட்டல. பொம்பள காட்டுக்குப் போவக்கூடாது."

"ஆம்பளைங்க போயிருந்தா நான் ஏன் போறேன்? வுடுங்க."

மயானத்துக்கான பாதை தேயிலை மலையை ஊடறுத்துப் போகிறது. அந்த மலையில்தான் அன்று எல்லாரும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாதையோரம் தராசோடு நின்றேன். தலைமுடி அவிழ்ந்து, மம்பட்டியோடு அவள் வருவதைப் பார்த்ததும் கைகள் நின்றன. பிறகு சிலர் குனிந்து மறுபடி எடுக்கத் தொடங்கினார்கள். பார்க்காத மாதிரி.

வடிவு என் முன்னால் நின்றாள். ஆனால் என்னிடம் பேசவில்லை. மலையைப் பார்த்துப் பேசினாள்.

"அவரு குழி வெட்டாத வீடு இங்க ஒன்னு இருந்தா சொல்லுங்க. நான் திரும்பிப் போயிர்றேன்."

சிவசாமியின் தாய் போன வருடம் இறந்தபோது, அடை மழையில் குழிக்குள் நின்று தண்ணீர் இறைத்தவன் பழனியாண்டி. அந்தச் சிவசாமி கூடையோடு நின்றார்.

"கோவப்படாத வடிவு. கொழுந்து முத்திப்போவும். இந்த ரேட்டு இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். புள்ளகுட்டிக்காரங்க, பாவம், என்ன செய்வாங்க?"

"அவருக்கும் புள்ள இருந்துச்சு தலைவரே. அவரு வந்தாரு."

"குழி வெட்டுறது ஆம்பள வேல. நீ வீட்டுக்குப் போ. நாங்க வந்து பாத்துக்கிறோம்."

அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது.

"கொழுந்து எடுக்குறது பொம்பள வேலன்னு மூக்கச் சுளிச்சீங்கள்ல? காசு கூடுனோன கூடைய மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க. அப்ப நான் மம்பட்டி புடிச்சா மட்டும் என்னா கொறஞ்சுபோச்சு? காசு குடுத்தா உங்களுக்கு எல்லா வேலையும் ஆகும். காசு இல்லாட்டி பொணம்கூட ஆகாது."

சொல்லிவிட்டு நடந்தாள். வீரம்மா என்ற ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் பின்னால் போனாள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொருத்தி. அவ்வளவுதான். மலையில் அன்றைக்கு எண்பது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள்.

மத்தியானம் நிறுவையின்போது வீரம்மாவின் கூடை அங்கேயே இருந்தது. எட்டு கிலோ இருக்கும். கைக்காசு நாளில் பாதியில் போகிறவர்களின் கொழுந்தை நிறுக்கக்கூடாது என்பது கம்பனி விதி. நான் நிறுக்கவில்லை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சின்னத்துரை அங்கே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. மற்றவர்கள் கொழுந்தோடு சேர்த்து அதையும் லொறியில் ஏற்றி அனுப்பினேன். வீரம்மாவுக்கு ஒரு சதம் கிடைக்கவில்லை, கம்பனிக்கு எட்டு கிலோ சும்மா கிடைத்தது. இதை இன்றைக்கு எழுதும்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மூன்று பெண்களும் இரண்டு கிழவர்களும் ஒரு கைக்காரனும் சேர்ந்து இரண்டரை மணிக்குக் குழியை முடித்தார்கள். மூன்றரை மணிக்கு ஆண்கள் குளித்து, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, பாடையைத் தூக்கிவந்தார்கள். நானும் வந்தேன். வடிவு வீட்டுக்குத் திரும்பியிருக்கவில்லை. சேறு காய்ந்த சேலையோடு குழியின் தலைமாட்டில் நின்றாள். பிணத்தை இறக்கிய பிறகு, எல்லாரும் பிடி மண் எடுக்கக் குனிந்தபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம். இன்னைக்குக் கொழுந்து எடுத்த கையி எம்புருசன் மேல மண்ணு போட வேணாம்."

"வடிவு, இது மொறையில்ல" என்றார் சிவசாமி.

"மொறையப் பத்தி நீங்க பேசாதீங்க."

யாரும் போடவில்லை. குழியை வெட்டிய ஆறு பேரே மூடினார்கள். நான் எடுத்திருந்த மண்ணை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டேன்.

வெட்கப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைப்போம். எங்கள் ஆட்கள் அப்படிச் செய்யவில்லை. காட்டுக்குப் போன பொம்பளை என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த மாரியம்மன் திருவிழாவில் தீட்டுப்பட்டவள், அவள் பால்குடம் எடுக்கக்கூடாது என்று கோயில் கமிட்டி சொன்னது. வீரம்மாவையும் கூடப் போன மற்றவளையும் ஒதுக்கிவைத்தார்கள். தாங்கள் செய்த தப்பைப் பேசாமலிருக்க அவள் செய்ததைத் தப்பாக்க வேண்டியிருந்தது. வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் சிவசாமி மரணச் சங்கம் ஆரம்பித்தார். சாவுக்கு வராத ஒவ்வொருவரும் ஐம்பது ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். எல்லாரும் இனி வருவார்கள் என்று நான்கூட நம்பினேன். நடந்தது வேறு. முன்பு போகாமலிருந்தவன் நாலு நாள் தலைகுனிந்து நடப்பான். இப்போது ஐம்பது ரூபாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்து நடந்தான். கைக்காசு நாளில் அதைவிடப் பல மடங்கு சம்பாதிக்கலாமே. சில வருடங்களில் சாவு வீட்டில் பெண்களும் கிழவர்களும் மட்டுமே இருந்தார்கள். சங்கப் பெட்டியில் காசு நிறைந்தது.

அந்தக் காசை வைத்துக்கொண்டு, இரண்டாயிரத்து மூன்றில், சிவசாமியும் இன்னும் மூன்று பேரும் வடிவின் வீட்டுக்குப் போனார்கள். என்னையும் கூட்டிப்போனார்கள்.

"வெட்டுறதுக்கு ஆளு கெடைக்கல வடிவு. நீயும் வீரம்மாவும் சங்கத்துக்காக வெட்டிக் குடுத்தா, ஒரு குழிக்கு இவ்வளவுன்னு தந்துர்றோம்."

அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அன்னைக்குத் தீட்டுன்னீங்க."

"அது அப்ப."

"இப்பத் தீட்டு போயிருச்சா? எம்புட்டு ரூவாயில போச்சு தலைவரே?"

சிவசாமி கோபத்தோடு எழுந்தார். நாங்கள் படியிறங்கும்போது அவள் உள்ளிருந்தபடியே சொன்னாள்.

"அழுவறதுக்கும் ஆளு புடிச்சுக்கங்க. மிச்சக் காசு இருக்கும்ல."

சங்கம் தலவாக்கலை டவுனிலிருந்து இரண்டு பேரைப் பிடித்தது. சாவு என்றால் திரீவீலரில் வருவார்கள், இரண்டு மணி நேரத்தில் வெட்டிவிட்டுப் போவார்கள். சுத்தமான வேலை. குறை சொல்ல முடியாது.

வடிவை நிலைகுலைய வைத்தது இவை எதுவுமில்லை, அவள் மகள்தான். தனுஜா அப்போது கொழும்புப் பக்கம் கார்மெண்ட் தொழிற்சாலையில் துணி தைக்கும் வேலை செய்தாள். தீபாவளிக்கு வந்தவள் இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாளாம்: "அதுல என்னாம்மா தப்பு? வேல செய்யிறவனுக்குக் கூலி. சும்மா வந்து வெட்டுங்கன்னு எப்புடிக் கேக்குறது?"

"ஒங்க அப்பா சும்மாதான் வெட்டுனாரு."

"அதான் அப்பாவுக்கு யாரும் வரல."

இதை வடிவே என்னிடம் சொன்னாள். தராசடியில், எப்போதும் போல் சண்டைக் குரலில்தான் தொடங்கினாள். முடிக்க முடியவில்லை. "அவ கெட்ட புள்ள இல்ல ஐயா. மாசாமாசம் காசு அனுப்புறா. ஆனா அவளுக்கு வெளங்கவே இல்ல. அவளத் திட்டவும் முடியல, யாரத் திட்டுறதுன்னும் தெரியல" என்றாள். எனக்கும் தெரியவில்லை. கம்பனிக்காரன் முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஆறில் வீரம்மா இறந்தாள். வார நாள். வடிவு வேலைக்குப் போகவில்லை. டவுன் ஆட்கள் வந்து திரீவீலரை நிறுத்தியபோது அவள் ஏற்கெனவே இடுப்பளவு வெட்டியிருந்தாள். அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, சங்கத்துக் காசை வாங்கிக்கொண்டு திரும்பிப் போகச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஒன்றும் புரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் அன்று போனேன். என் வீட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கணக்கப்பிள்ளை குழி வெட்டுவதை அந்தத் தோட்டம் அதுவரை பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்கியபோது, அவள் முகத்தில் கொஞ்சமாவது இரக்கம் தெரியும் என்று எதிர்பார்த்தேன்.

"எப்ப வேல விட்டீங்க ஐயா?" என்று கேட்டாள்.

"போன மாசம்."

"அதான பாத்தேன்."

நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வேல விட்ட காசெல்லாம் கைக்கு வந்துருச்சு. இனிமே தொரைக்குப் பயப்பட வேண்டியதில்ல. இப்ப வருவீங்க."

அவள் சொன்னதில் தப்பு எதுவுமில்லை. அந்தப் பக்கம் நகர்ந்து இடம் விட்டாள். இருட்டும்வரை காத்திருக்க முடியாது, மழை வருகிறது, சீக்கிரம் வெட்டச் சொன்னாள்.