என் பேருக்கு வந்த மாதுளை

கல்யாணமாகி நான்காவது வருஷத்திலிருந்து என் மாமியார் எனக்குத் தின்பதற்கு அனுப்ப ஆரம்பித்தார். அவர் இருப்பது காங்கேயம் பக்கம் தோட்டத்தில். நானும் என் வீட்டுக்காரரும் திருப்பூர் நல்லூரில் வாடகை வீட்டில். திருப்பூர் பஸ் ஏறுகிற ஆள் யாராவது கிடைத்தால் போதும், ஒரு கட்டைப்பை வந்துவிடும். உள்ளே மாதுளம்பழம், பச்சை நிலக்கடலை, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை, கூடவே ஓர் அரசாணிக்காய். மஞ்சள் பூசணியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பைக்குப் பின்னாலேயே போன் வரும்.

"கீரைய வதக்கி முட்டைய ஒடைச்சு ஊத்தித் தின்னு கண்ணு. மாதுள உனக்குத்தான். அவனுக்குக் குடுத்துப்போடாத."

எதற்கு என்று சொல்லமாட்டார். சொல்லவும் வேண்டாம். குழந்தை இல்லாத வீட்டில் சத்துக் குறைவு பெண்ணுக்குத்தான் இருக்கும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயமாயிற்றே!

நான் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை பார்க்க வேண்டும். ஓட்டை இருந்தால் முதல் திட்டு டெய்லருக்கு. துணி பின்னும் நிட்டிங் மெஷினில் ஊசி உடைந்தபோதே அந்த ஓட்டை விழுந்திருக்கும். ஆனால் கண்ணில் படுவது தைத்த பிறகுதானே? கடைசியாக யார் கை பட்டதோ அவர் தலையில் விடியும். வீட்டில் என் நிலைமையும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் முதலில் எனக்கே எடுத்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. "சாரையும் ஒருதடவ வரச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. சாருக்கு ஒரு வாரம் ஷிப்ட் மாறும், மறுவாரம் அவசர லோடு இருக்கும். சண்டை போட்டுத்தான் கூட்டிப் போனேன். ரிசல்ட்டில் அவருக்கு விந்தணு குறைவு என்று வந்தது.

டாக்டரம்மா பயமுறுத்தவெல்லாம் இல்லை. என்ன வேலை என்று கேட்டார். துணிக்கு நீராவி கொடுத்துச் சுருக்கம் எடுக்கும் காலண்டரிங் மெஷினில் நிற்கிறேன் என்றார் இவர். அந்தச் சூட்டிலா நாள் முழுக்க என்று கேட்டவர், சிகரெட்டைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் விசாரித்தார். மாத்திரை எழுதினார். கீரை, முட்டை, கடலை, பூசணி விதை, பழம் எல்லாம் நன்றாகச் சாப்பிடச் சொன்னார். "இதெல்லாம் ஒத்தாசைதான். இதுவே மருந்துன்னு நெனைச்சுக்காதீங்க. மொதல்ல சிகரெட்ட விடுங்க, சூட்ட விட்டுத் தள்ளி நில்லுங்க."

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே, "அம்மாகிட்டச் சொல்லிப்போடாத புள்ள" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து, "சரீங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அதன் பிறகு வந்த பையெல்லாம் என் பேருக்கு வந்தது, அவர் வயிற்றுக்குப் போனது.

முதலில் கஷாயம் குடிக்கிற மூஞ்சியோடுதான் உட்கார்ந்தார். போகப் போக ருசி பிடித்துக்கொண்டது. அரசாணி விதையைக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, வாணலியில் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரபொரவென்று வறுத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்தவர், "ஏம்புள்ள, இதையா இத்தன நாளாக் குப்பைல கொட்டுனோம்?" என்றார். மறுநாளே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனார். சிகரெட் ஞாபகம் வந்தால் அதைக் கொறிப்பாராம். சாயங்கால பஜ்ஜி போய் வேகவைத்த கடலை வந்தது. தோல் உரித்து உரித்து எதிரே மலையாகக் குவித்துவிட்டு, கதை பேசுவார். அப்படி உட்கார்ந்து நாங்கள் பேசி எத்தனை காலமாகியிருந்தது! ஓனரிடம் கேட்டு மெஷினிலிருந்து டெலிவரி பக்கம் மாறிக்கொண்டார். அடுத்த டெஸ்டில் கொஞ்சம் தேறியிருந்தது. மாத்திரையாலா, சிகரெட்டை விட்டதாலா, விதையாலா என்று டாக்டரம்மாவே அடித்துச் சொல்லவில்லை.

மாதுளைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எனக்கு அந்தப் பழம் என்றால் உயிர். உதிர்த்துக் கிண்ணத்தில் போட்டு அவர் முன்னால் வைப்பேன். "நீயும் ஒரு வாய் போடு" என்பார். வேண்டாம் என்றுவிடுவேன். ஒரு முத்துக் குறைந்தாலும் குழந்தைக்குக் குறைந்துவிடுமோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம். வீம்பும் உண்டு. பழி எனக்கு, பழம் இவருக்கா என்று வயிறு எரியும். எரிச்சலோடேதான் உதிர்ப்பேன்.

போன வைகாசியில் நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து. மாமியார் வீடு நிறையச் சொந்தபந்தம். பந்தி முடிந்து பெண்களெல்லாம் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாமியார் ஒரு டம்ளரில் முருங்கைப்பூ போட்டுக் காய்ச்சிய பாலை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். பக்கத்திலிருந்த அவருடைய அக்கா சும்மா இருந்திருக்கலாம்.

"நீயும்தான் மூட்டை மூட்டையா அனுப்பறே. மொளைக்காத காட்டுல எத்தன எருப் போட்டு என்னத்துக்காகுது?"

எனக்குக் காது இரண்டும் சுட்டது. வாசல் பக்கம் பார்த்தேன். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றிருந்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. வாயைத் திற மனுஷா, இப்போதாவது திற என்று மனசுக்குள் கத்தினேன். இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டு நின்றால் இந்த ஆளோடு ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பமாட்டேன் என்று முடிவே செய்துவிட்டேன்.

நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். அம்மா கையிலிருந்த டம்ளரை வாங்கினார்.

"இது எனக்குங்க பெரீம்மா. டாக்டர் எனக்குத்தான் சொல்லியிருக்காங்க. அவகிட்ட ஒரு கொறையும் இல்லீங்க, கொறை எங்கிட்டத்தான். இத்தன நாளா அம்மா அனுப்புனதெல்லாம் நாந்தான் தின்னேன்."

சொல்லிவிட்டு மொத்தப் பாலையும் ஒரே மூச்சில் குடித்தார். மீசையில் ஒரு முருங்கைப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பெரியம்மா வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்தார்.

மாமியார் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மகனைச் சபையில் தலைகுனிய வைத்துவிட்டாயே என்று என்மேல்தான் பாய்வார் என்று நினைத்தேன். பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடித்து, எலும்பைத் தடவிப் பார்த்தார்.

"அப்ப நீ இத்தன நாளா என்னத்தத் தின்ன கண்ணு?"

சூப்பர்வைசருக்கே ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிச் சொல்கிற வாய் எனக்கு. அன்றைக்கோ அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதேன்.

அவர் எழுந்து போய்ச் சீர்த்தட்டிலிருந்து ஒரு மாதுளையை எடுத்துவந்தார். கையாலேயே பிளந்து, முத்தை உதிர்த்து என் உள்ளங்கையில் கொட்டினார்.

"தின்னு. அவனுக்குக் குடுத்துப்போடாத."

அழுதுகொண்டே தின்றேன், ஒரு முத்து விடாமல்.